சங்கிலி கேட்ட சத்தியம்

பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே சிறிது நடந்தால் தியாகராச சுவாமி கோயில். அதற்குள் ஒரு மகிழமரம். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தெருக்களில் ஒன்றில் பிறந்தேன், அங்கேயே வாழ்க்கைப்பட்டேன். மீஞ்சூர் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கும்மிடிப்பூண்டி ரயிலில் கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு என்று காலையில் வடக்கே போவதும் சாயங்காலம் அதே வழியில் திரும்புவதுமாகவே காலம் போயிற்று. மாசமாக இருக்கிற பெண்களின் வயிற்றில் கை வைத்துப் பிள்ளையின் தலை எந்தப் பக்கம் என்று பார்ப்பது என் தொழில். திரும்பி வந்து அந்தக் கோயிலின் வடிவுடையம்மன் சந்நிதியில் நிற்பது என் வழக்கம். தொழிலும் கும்பிடுதலும் சேர்ந்து எனக்குள் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டன. சுமப்பது அவள் உடம்பு, வலிப்பதும் அவளுக்குத்தான் என்றால், பிள்ளையின் தகப்பனுக்கு அந்தப் பத்து மாதத்தில் தர்மம் என்று ஏதாவது உண்டா?

எல்லாவற்றையும் விட்ட பட்டினத்தார் தாயை மட்டும் விடவில்லை. அவள் இறந்தபோது வந்து, பச்சை வாழைமட்டைகளை அடுக்கி, பாடியே சிதைக்குத் தீ மூட்டினார் என்று சொல்வார்கள். தாய் தன்னைச் சுமந்த மாதங்களைப் பற்றித்தான் அந்தப் பாடல்களில் பேசுகிறார். எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் இன்றைக்கும் அவற்றைப் பாடுகிறார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டியவர்கள், அந்தப் பாட்டு வரும்போது பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அழுகை சத்தியமானது. ஆனால் அதே வாரத்தில் அதே ஆளுடைய வீட்டுக்குப் போனால், ஏழாம் மாத வயிற்றோடு மனைவி குழாயடியில் குடம் தூக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கால் வீங்குகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா, போன மாதம் ரத்தப் பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்று அவரிடம் கேட்டால் தெரியாது. “அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம் சிஸ்டர்” என்பார்.

நம்மூர் ஆண்கள் அந்தப் பத்து மாதத்தைப் பற்றிப் பேசியதெல்லாம் மகனாக நின்று பேசியது. அதையும் அம்மா போன பிறகு பேசினார்கள். கணவனாக நின்று, கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் பார்த்தவர்கள் குறைவு. புறநானூற்றில் பொன்முடியார் ஒவ்வொருவருக்கும் கடமை பிரித்துக் கொடுக்கும்போதும், பெற்று வளர்ப்பது தாயின் பங்கு, சான்றோனாக்குவது தந்தையின் பங்கு என்கிறார். தகப்பனுடைய முறை பிள்ளை பிறந்த பிறகுதான் வருகிறது. பிறப்பதற்கு முந்தைய மாதங்களுக்கு அவனுக்குப் பேர் சொல்லி ஒரு வேலை அந்தக் கணக்கில் இல்லை.

அப்படியென்றால் நம் வழக்கம் கணவனை முழுக்க வெளியே நிறுத்திவிட்டதா? அப்படியும் சொல்ல முடியாது. மனைவி மாசமாக இருந்தால் கணவன் முடி வெட்டக் கூடாது, சவம் தூக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, தூர தேசம் போகக் கூடாது, கடலில் குளிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடல் தொழில் செய்கிறவன் கடைசி விதியை எப்படிக் காப்பாற்றுவான்? அதனால் எங்கள் குப்பங்களில் பலர் முடியை மட்டும் விட்டுவிடுவார்கள். காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிற இடத்தில் தாடியும் பரட்டைத் தலையுமாக ஒருவன் வந்தால், “வூட்ல எத்தினி மாசம்?” என்று கேட்பது சாதாரணம். இந்த விதிகளை மூடப் பழக்கம் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் தள்ளிவிடுவார்கள். நான் தள்ளமாட்டேன். அவள் வயிற்றில் நடப்பது தன்னையும் கட்டும் என்று ஆண் ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம். சீமந்தத்தில் முள்ளம்பன்றி முள்ளால் மனைவியின் தலையில் வகிடு எடுப்பவன் கணவன்தான். பழைய சடங்குகளுக்குள் அவனுக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த விதிகளெல்லாம் அவன் எதைச் செய்யக் கூடாது என்பதையே சொல்கின்றன. எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை.

எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரன் ஒருவன். காசிமேட்டு விசைப்படகில் தொழிலாளி. ஒரு செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாளில், மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். தாடி நெஞ்சுவரை வளர்ந்திருந்தது. விரதத்தை ஒழுங்காகக் காத்திருக்கிறான் என்று பார்த்ததும் தெரிந்தது. அவளுக்கு ரத்தம் பார்த்தேன். 11 கிராமாவது இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் வெளுப்பு. இரும்புச் சத்து மாத்திரையை என்ன செய்கிறாய் என்று கேட்டேன். வாந்தி வருகிறது என்று நிறுத்திவிட்டாளாம். அவனுக்கு அது தெரியாது. நான் கோபமாகத்தான் கேட்டேன். அவன் தலை குனியவில்லை, நியாயமாகவே திருப்பிக் கேட்டான்: “நா இன்னா பண்ண முடியும் நர்ஸம்மா? வலி அவளுக்குத்தான வருது?”

வேதாந்தம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற கேள்வி இது. ஒருவருடைய வலி இன்னொருவருக்குள் போகாது. கர்மம் அவரவருடையது, உடம்பு அவரவருடையது. காதலித்துக் கட்டிக்கொண்டாலும் மனைவியின் இடுப்பு வலியில் கடுகளவும் கணவன் உடம்புக்கு வராது. பங்கு போட முடியாத ஒன்றில் பங்கெடுப்பது எப்படி?

அன்றைக்கு அவனுக்கு நான் சொன்னது மாத்திரை விஷயம் மட்டும்தான். டீயோடு சேர்த்துக் கொடுத்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொடு, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் கொடு, வாந்தி குறையும். கரையில் இருக்கும் நாட்களில் அவனே எடுத்துக் கொடுத்தான். கடலுக்குப் போகும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். இரண்டு மாதம் கழித்து ரத்தம் 10-ஐத் தாண்டியது. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். பதிலைத் தேடி நான் போனது எனக்குத் தெரிந்த கதைகளுக்குள்தான்.

திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர். இரத்தினாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பிரசவ நேரம். பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் என்பதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். பெண் அம்மா அம்மா என்று கதறுகிறாள். சிவன் அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடியும்வரை கூடவே இருந்தார். உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது வீட்டில் இரண்டு தாய்கள், ஒருத்தி மறைந்துபோனாள்.

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். பிரசவம் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. சடையில் கங்கையையே தாங்கியவருக்குக் காவிரியை நிறுத்தத் தெரியாதா? ஒரு சொல்லில் வெள்ளத்தை வடியவைத்துத் தாயை அனுப்பியிருக்கலாம். இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்கு வலியே தெரியாமல் செய்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. வலியை அவளிடமே விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிரசவ அறையில் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். வெந்நீர் வைப்பார், இடுப்பை நீவிவிடுவார், முகத்தைத் துடைப்பார், தண்ணீர் கொடுப்பார், பனிக்குடம் உடைந்தால் துணி மாற்றுவார். அந்த வேலைகளைச் செய்த கையைத்தான் மலைமேல் ஏறிப் போய்க் கும்பிடுகிறோம். பிரசவ ரத்தம் தீட்டு, அதனால் ஆண் உள்ளே வரக் கூடாது என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் கதையை மட்டும்தான் சொல்வேன். சாமிக்கு ஒட்டாத தீட்டு அவருக்குப் பூசை போடுகிறவனுக்கு மட்டும் எப்படி ஒட்டும்?

இன்னொன்றும் அந்தக் கதையில் இருக்கிறது. சிவன் சிவனாக வரவில்லை. அவள் யாரைக் கூப்பிட்டாளோ அந்த உருவில் வந்தார். துணைக்கு யார் வேண்டும் என்பதை வலிக்கிறவள்தான் தீர்மானித்தாள்.

ஆனால் இரத்தினாவதியின் கணவன் எங்கே? நான் கேட்டு வளர்ந்த கதையில் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. திருக்கருகாவூரிலும் இப்படித்தான். நித்துருவ முனிவர் வெளியே போயிருந்த நேரத்தில், மாசமாக இருந்த அவர் மனைவி வேதிகை அசந்து கிடக்கிறாள், வாசலில் வந்து நின்ற வேறொரு முனிவரைக் கவனிக்க முடியவில்லை, சாபம் விழுகிறது. கலைந்த கருவைக் குடத்தில் வைத்துக் காப்பாற்றியவள் கர்ப்பரட்சாம்பிகை. எங்கள் ஊர்ப் பெண்கள் அங்கே போய் வேண்டிக்கொண்டு, சுகப் பிரசவத்துக்கு விளக்கெண்ணெய் வாங்கி வருகிறார்கள். இரண்டு கதையிலும் வீட்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்துக்குத் தெய்வமே வரவேண்டியதாயிற்று.

அந்தக் காலியிடத்தில் ஒரு மனிதன் நிற்பதை நான் பார்த்தது ராயபுரத்துக் கிறித்தவத் தோழிகள் மூலமாகத்தான். இராயப்பர் கோயில் இருப்பதால்தான் அந்த ஊருக்கே அப்படிப் பேர். அவர்கள் வீடுகளில் சூசையப்பர் படம் இருக்கும். மத்தேயு நற்செய்தியின்படி மரியாள் வயிற்றிலிருப்பது தன் பிள்ளையில்லை என்று அவருக்குத் தெரியும். சத்தமில்லாமல் விலக்கிவிடலாம் என்றுதான் நினைத்தார். கனவுக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். நிறைமாதத்தில் அவளோடு பெத்லகேம் போனார். சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. நான்கு நற்செய்திகளிலும் சூசையப்பர் வாய்திறந்து பேசியதாக ஒரு வார்த்தை கூடக் கிடையாது. அவர் கொடுத்தது ரத்தமும் இல்லை, உபதேசமும் இல்லை. கூட நடந்தார், தங்க இடம் தேடினார், ஆபத்து என்றதும் ராத்திரியோடு ராத்திரியாகத் தாயையும் பிள்ளையையும் எகிப்துக்குக் கூட்டிப் போனார். தகப்பனாவதற்கு அவருக்கு வேறு தகுதி தேவைப்படவில்லை.

இனி மகிழமரம். சங்கிலியார் பிறந்த ஞாயிறு கிராமம் நான் வேலை பார்த்த பக்கம்தான். திருவொற்றியூரில் இறைவனுக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைச் சிவனின் தோழரான சுந்தரர் மணக்க விரும்பினார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தரவேண்டும் என்பது நிபந்தனை. திருவாரூரில் முதல் மனைவி பரவையார் இருக்கிறாரே, எப்படிச் சத்தியம் செய்வது? சுந்தரர் சிவனிடமே ஒரு வழி கேட்டார்: நான் சந்நிதிக்கு வரும்போது நீங்கள் மகிழமரத்தடிக்குப் போய்விடுங்கள், வெறும் சந்நிதியில் சத்தியம் செய்துவிடுகிறேன். சரியென்ற சிவன் சங்கிலியார் கனவிலும் தோன்றி, மகிழமரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் தோழிகள் மரத்தடியைக் காட்டினார்கள். சுந்தரர் தப்ப முடியாமல் அங்கேயே சத்தியம் செய்தார். பிறகு வசந்தம் வந்தது, திருவாரூர் நினைவு வந்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் ஒரு கண் என்று திரும்பக் கிடைத்தன. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கும்போது கூட்டத்தோடு நானும் நின்று பார்ப்பேன்.

பெரியபுராணம் இதைத் தோழனோடு இறைவன் விளையாடிய விளையாட்டாகப் பக்தியோடு சொல்கிறது. நான் ஒரு செவிலியாக அதைக் கேட்கிறேன். இறைவன் தன் தோழனுக்காக விதியை வளைத்துக் கொடுக்கத் தயார். அந்தப் பெண்ணை ஏமாற்றி வளைக்க மட்டும் விடவில்லை. சங்கிலி பொன்னைக் கேட்கவில்லை, பிள்ளை வரம் கேட்கவில்லை. போகாதே என்று கேட்டாள். படகுக்காரன் கேட்ட கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. வலியைப் பங்கு போட முடியாது. அந்த வலியோடு ஒருத்தியைத் தனியாக விடாமல் இருக்க முடியும். மருந்தும் மாத்திரையும் நானும் கொடுப்பேன், டாக்டரும் கொடுப்பார். அவளை விட்டுப் போகவில்லை என்பதை அவன்தான் கொடுக்க முடியும்.

அப்படியென்றால் வேலைக்கே போகக் கூடாதா என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆழ்கடலுக்குப் போகிற படகு திரும்ப நாளாகும். துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றி வருகிற டிரெய்லர் ஓட்டுநர் சாலையிலேயே வரிசையில் கிடப்பார். ஒப்பந்தத் தொழிலாளி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. நான் வேலையில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களின் செவ்வாய்க்கிழமைகளில் பெஞ்சு நிறைய ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மனைவியின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எடை எவ்வளவு ஏறியது, அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேட்பார்கள். தடை முடிந்த அடுத்த வாரம் பெஞ்சு காலி. அந்த ஒரு வாரத்தில் அவர்கள் மனசு மாறிவிடவில்லை. நேரம் போய்விட்டது. ஆண்களுக்கு அக்கறை இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பெஞ்சைப் பார்த்திருக்க வேண்டும்.

சட்டமும் இதைப் பார்க்கவில்லை. மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்க்கு 26 வாரம் விடுப்பு உண்டு. தகப்பனைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் கிடைக்கிறது. 2023-இல் காவல் ஆய்வாளர் ஒருவர் மனைவியின் பிரசவத்துக்காக எடுத்த விடுப்பு ரத்தாகி, வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனபோது, தந்தைமை விடுப்புக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று நீதிபதி விக்டோரியா கௌரி வலியுறுத்தினார். போலீஸ் அதிகாரிக்கே நீதிமன்றம் போகவேண்டியிருக்கிறது. படகுத் தொழிலாளி எங்கே போவான்? கூட இருப்பதுதான் தர்மம் என்று நான் சொல்லலாம். அதற்கு அவன் ஒரு நாள் கூலியை இழக்கவேண்டும் என்றால், அந்த தர்மத்தில் கூலி கொடுக்கிறவருக்கும் பங்கு உண்டு.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். கூட வருகிற எல்லாக் கணவர்களையும் பார்த்து நான் சந்தோஷப்பட்டதில்லை. எங்கே வலிக்கிறது என்று அவளைக் கேட்டால் அவனே பதில் சொல்வான். ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று சுற்றி வளைத்துக் கேட்டு, ஆணா பெண்ணா என்று மோப்பம் பிடிப்பான். ஆபரேஷன் செய்துகொள்வதா வேண்டாமா என்பதை அவளைக் கேட்காமலே முடிவு செய்திருப்பான். கையில் காயத்தோடு வந்தவள் அவன் எதிரில் வழுக்கி விழுந்தேன் என்பாள். அதனால் யார் வந்தாலும் முதலில் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளோடு தனியாகப் பேசுவேன். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஆண்களின் ஈடுபாட்டைப் பரிந்துரைத்தபோதும், பெண்ணின் விருப்பத்தையும் அவள் முடிவெடுக்கும் உரிமையையும் மதித்து நடந்தால் மட்டுமே என்று நிபந்தனை போட்டது. மாத்திரை அட்டையை எண்ணுகிற கை அக்கறையாகவும் இருக்கலாம், காவலாகவும் இருக்கலாம். அவன் எண்ணும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் உயிர் விஷயத்தில் அவன் அறிவு வேண்டும். ஆபத்தான பிரசவங்களில் நேரம் மூன்று இடங்களில் போகிறது என்று எங்களுக்குப் பாடம் உண்டு: ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில். முதல் தாமதம் வீட்டுக்குள் நடப்பது. ஒரு வீட்டில் எட்டாம் மாதக்காரிக்குத் தலை பிளக்கிறது, கண் மங்குகிறது. மாமியார் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். அது ரத்த அழுத்தம் ஏறுவதன் அடையாளம் என்று நான் சொன்னதை நினைவில் வைத்திருந்த கணவன், அம்மா பேச்சை மீறி 108-ஐக் கூப்பிட்டு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. 2018–20 கணக்கில் உயிரோடு பிறக்கும் லட்சம் பிள்ளைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறக்க, தமிழ்நாட்டில் 54. டாக்டர்களும் செவிலியர்களும் பாடுபட்டு இறக்கிய எண்ணிக்கை அது. அதை இன்னும் இறக்குவதில் அந்த வீட்டுக்குள் எடுக்கும் முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிரசவ அறைக்குள் கணவனை விடவேண்டுமா என்று என் பேத்தி வயதுப் பெண்கள் கேட்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் கூட இருக்க ஒரு பெண் துணையை அனுமதிப்பது தமிழ்நாட்டில் வெகு நாளாக உண்டு. 2016-இல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதலும் பெண் துணையைத்தான் சொல்கிறது. மறைப்பும் தனிமையும் உள்ள இடங்களில் கணவனும் இருக்கலாம் என்கிறது. ஒரே அறையில் நான்கு பேர் வலியில் கிடக்கும்போது ஒருத்தியின் கணவன் மற்ற மூன்று பேருக்கு அந்நிய ஆண். அவர்களுடைய மானமும் எனக்குப் பெரிது. எல்லாருக்கும் திரையும் தனி இடமும் வரும் நாளில், வேண்டுமென்று கேட்கிறவளுக்குக் கணவன் உள்ளே இருக்கட்டும். வேண்டாம், எனக்கு அம்மா போதும் என்று சொல்கிறவளுக்கு அம்மா இருக்கட்டும்.

எலுமிச்சைச் சாறு கொடுத்த படகுக்காரனின் மனைவி இரண்டாவது முறை மாசமானபோது என்னிடம் வந்தாள். இந்த முறை உன் வீட்டுக்காரர் உள்ளே வரவேண்டுமா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். “ஐய, வேணாம் நர்ஸம்மா” என்று சிரித்தாள். அவளுக்கு வேண்டியது வேறு. மூத்தவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், வீட்டில் சோறாக்க வேண்டும், கடைசி மாதத்தில் ராத்திரி பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். அதை அவனிடம் அவளே சொல்லியிருக்கிறாள். அவன் ஒன்பதாம் மாதத்தில் ஒரு டிரிப் போகாமல் கரையில் நின்றான். படகில் ஏறாதவனுக்கு மீன் விற்ற பணத்தில் பங்கு கிடையாது. அந்த மாத வாடகைக்கு அவள் வளையலை அடகு வைத்தார்கள்.